அண்ணா ‘தொடரும்’ என்று நிறுத்திய கதையை என் மகள் எழுதி முடிக்கலாமா?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு வாசகி எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, அவருடைய சம்மதத்துடன் சுருக்கித் தருகிறேன்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியில் பிறந்தவர். 1990 யூனில் மறுபடி போர் தொடங்கியபோது அவருக்கு எட்டு வயது, அண்ணாவுக்குப் பதினாறு. மின்சாரம் நின்றது. பற்றரி கிடையாது. மண்ணெண்ணெய் கைக்கெட்டாத விலை. அந்த ஓகஸ்டில், சித்திர ஆசிரியரான அப்பா, வீட்டில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்குவோம் என்றார். பழைய கொப்பிகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்துச் சேர்த்தார்கள். தலைப்பெழுத்து அப்பா. ஆசிரியரும் தொடர்கதை எழுதுபவரும் அண்ணா. வர்ணமும் தையலும் அம்மா. விடுகதையும் படமும் இவர். இதழுக்கு ஒரே ஒரு பிரதிதான். அது அயல் வீடுகளுக்கெல்லாம் போய், எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். பொம்மர் வந்த நாட்களில் ஜாம் போத்தல் விளக்கோடு பங்கருக்குள் இருந்து பக்கங்களை முடித்திருக்கிறார்கள். விட்டுவிட்டு ஐந்து வருடத்தில் 38 இதழ்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது, அம்மா அந்த இதழ்களைச் சேலையில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்துத் தென்மராட்சிக்குச் சுமந்தார். அடுத்த வருடம் ஊர் திரும்பினார்கள். 1996 ஓகஸ்டில் ஒருநாள் காலை சைக்கிளில் போன அண்ணா வீடு திரும்பவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. 1998இல் குடும்பம் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தது. அப்பா 2011இல் காலமானார். டிரங்குப் பெட்டி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே, பூட்டியபடியே இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் பதினைந்து வயது மகள் அதைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து எழுபத்து நான்கு வயது அம்மா இரவு இரண்டு மணிக்கு எழுந்து இதழ்களைப் புரட்டுகிறார். இரண்டு தடவை பேத்தியை மகனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். “அவன் வந்தால் கொப்பியைத் தேடுவான், கலைச்சுப் போடாதேங்கோ” என்கிறார். சைக்கிள் டைனமோவால் ஊருக்கே வெளிச்சம் கொடுக்கப் பார்க்கும் சிறுவனைப் பற்றிய அண்ணாவின் தொடர்கதை, 38ஆவது இதழில் ‘தொடரும்’ என்று நிற்கிறது. அதை எழுதி முடிக்க மகள் ஆசைப்படுகிறாள். கனடாவில் உள்ள உறவினர் ஒருவர், எல்லா இதழ்களையும் ரொறன்ரோவுக்கு அனுப்பினால் கண்காட்சி வைக்கலாம் என்கிறார்.

வாசகி கேட்பவை இவை: பெட்டியை மறுபடி பூட்டிவிடவா? மகளை எழுத விடலாமா? அந்த ஐந்து வருடம்தான் என் வாழ்க்கையின் சந்தோசமான காலம் என்று தோன்றுகிறதே, இது சரியான மனமா? அப்பா இரவுகளில் நடுங்கிக்கொண்டு படுத்திருப்பார் என்று அம்மா இப்போது சொல்கிறார், அப்படியானால் அவருடைய சிரிப்பெல்லாம் நடிப்பா? “கலை எங்களைக் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பிறகு ஏன் டிசெம்பர் 31 இரவு வெடிச் சத்தத்தில் குளியலறைக்குள் போய்க் குந்தியிருக்கிறேன்?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். ஜாம் போத்தல் விளக்கின் அடியில் படித்தவர்களில் நானும் ஒருத்தி. கொப்பி ஓரத்தில் படியும் அந்தக் கரியை எனக்குத் தெரியும். அதனால் உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் வழி அங்கேதான் இருக்கிறது.

கலை உங்களைப் போரில் இருந்து காப்பாற்றவில்லை. அண்ணாவைத் தடுத்து நிறுத்த அந்த 38 இதழ்களால் முடியவில்லை. அப்படி ஒரு பாரத்தை அவற்றின் மேல் ஏற்றி வைத்திருப்பதால்தான், வெடிச் சத்தத்துக்குப் பயப்படும்போது நீங்கள் எதையோ பொய்யாக்கிவிட்டது போல வெட்கப்படுகிறீர்கள். அந்தப் பத்திரிகை செய்தது வேறு. அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு வீட்டில், எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்தது. விடுகதை வராவிட்டால் இதழ் நிற்கும். இதழ் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்பார். நால்வரில் ஒருவரும் சும்மா இருக்கவில்லை, ஒருவருடைய வேலையை மற்றவர் பறிக்கவும் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், நீங்கள் கோணலாகக் கீறிய ஆட்டை அப்பா திருத்தாமல், அதைச் சுற்றி அழகான கட்டம் போட்டுக் கொடுத்தார் என்று எழுதிய வரி.

மட்டக்களப்பில் 1996இல் பாதர் போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகன் என்ற கலைஞரும் சேர்ந்து ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’வைத் தொடங்கினார்கள். போரில் அடிபட்ட பிள்ளைகள் அங்கே மண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் கூத்திலும் கைவைத்தார்கள். பிள்ளையை இருத்தி வைத்து ‘நடந்ததைச் சொல்லு’ என்று கேட்கும் இடமாக அது இருக்கவில்லை. பிள்ளை எதைச் செய்ய விரும்பியதோ அதன் பின்னால் பெரியவர்கள் போனார்கள். உங்கள் அப்பா அதற்கு ஆறு வருடம் முன்பே, யாரும் சொல்லிக் கொடுக்காமல், பங்கருக்குள் அதையே செய்திருக்கிறார்.

அந்தச் சந்தோசம் துரோகம் அல்ல

போர்க்காலத்தைச் சந்தோசமாக நினைப்பது அண்ணாவுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் பிள்ளைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டொரதி பர்லிங்ஹாமும் கண்டதைச் சொல்கிறேன். குண்டுவீச்சை விடவும், தாய் தகப்பனைப் பிரிந்ததே பல பிள்ளைகளை அதிகம் உலுக்கியது என்று அவர்கள் பதிவு செய்தார்கள். சிறு பிள்ளை ஆபத்தை வானத்தில் பார்ப்பதை விட, பக்கத்தில் இருப்பவரின் முகத்தில்தான் அதிகம் பார்க்கிறது. அந்த ஐந்து வருடமும் உங்களைச் சுற்றி மூன்று முகங்கள் இருந்தன. அவர்கள் மூவரும் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தார்கள். அதில் சந்தோசப்படாமல் ஒரு பிள்ளை வேறு எதில் சந்தோசப்படும்? நீங்கள் ஏங்குவது போருக்கு அல்ல, நாலு பேர் இருந்த வீட்டுக்கு. அந்த நாலாவது ஆள் அண்ணா. ஆகவே அந்தச் சந்தோசத்தை நினைப்பதும் அவரை நினைப்பதுதான்.

அப்பா நடித்தாரா என்ற கேள்விக்கு விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘சில இதழ்களில் தலைப்பெழுத்தின் கோடு நடுங்கியிருக்கிறது, சின்னதில் அதை நான் கவனிக்கவில்லை’ என்கிறீர்கள். நடிக்கிறவர் என்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, நடுக்கம் நின்ற பிறகு வேறு தாளில் எழுதியிருப்பார். அவர் நடுங்கிய கையோடேயே எழுதி, அதை ஊருக்கு வாசிக்கவும் கொடுத்தார். பயமும் சிரிப்பும் ஒரே ஆளிடம் ஒரே மாலையில் இருந்தன. இரண்டும் மெய். பிள்ளைகளைத் திடப்படுத்தத் தொடங்கிய வேலை அவருடைய கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டிசெம்பர் 31

போர் முடிந்த 2009இல் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் (PTSD, பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்பு) அறிகுறிகள் 7 வீதமானவர்களிடம் காணப்பட்டன. மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம், பதகளிப்பின், அதாவது ஓயாத பயம் பதற்றத்தின், அறிகுறிகள் 32.6 வீதம். ‘போரைக் கண்ட எல்லோரும் மனநோயாளிகள்’ என்பதும் பிழை, ‘நாங்கள் தப்பிவிட்டோம், எங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்பதும் பிழை என்று இந்த எண்கள் சொல்கின்றன. வருடத்தில் ஓர் இரவு வெடிச் சத்தத்துக்கு உடம்பு சுருங்குவதால் மட்டும் உங்களை நோயாளி என்று சொல்ல மாட்டேன். சத்தம் கேட்டால் பதுங்கு என்று எட்டு வயதில் உடம்பு படித்துக்கொண்டது. அந்தப் பாடம் அன்று உயிரைக் காத்தது.

இந்த வருடம் அந்த இரவுக்கு முதலே வீட்டில் சொல்லிவிடுங்கள். இதுவரை கணவருக்கும் மகளுக்கும் சொல்லாமல் ஒளித்திருக்கிறீர்கள், அதுவே பாதிப் பாரம். பன்னிரண்டு மணிக்கு முன் கடற்கரைப் பக்கத்து யன்னல்களைச் சாத்திவிட்டு, அவர்களோடு ஒரே அறையில் இருங்கள். மூச்சை இழுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். கையில் ஏதாவது வேலை வைத்திருங்கள், மாவைக் குழைப்பது என்றாலும் சரி. சத்தம் இல்லாத நாட்களிலும் பயம் வந்தால், கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், வெளியே போவதையே தவிர்க்கத் தொடங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் கட்டணம் இல்லை.

அம்மாவும் பெட்டியும்

பூட்ட வேண்டாம். கேள்வி கேட்கவும் வேண்டாம். மனதில் உள்ளதையெல்லாம் ஒரே தடவையில் கொட்டினால் ஆறிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பலமாக இருக்கிறது. உங்கள் மகள் பாட்டியைப் பேட்டி எடுத்து ஒலிப்பதிவு செய்யப் போவதாக எழுதியிருப்பதும் அந்த நல்லெண்ணத்தில்தான். ஆனால், அதிர்ச்சியான நிகழ்வுகளுக்குப் பின் ஆட்களை ஓர் அமர்வில் இருத்தி எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை பல ஆய்வுகளில் நன்மை காட்டவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது. அம்மா இவ்வளவு காலம் காத்த மௌனத்தை இன்னொருவர் குறித்த நேரத்தில் உடைக்கச் சொல்வது நியாயமும் அல்ல.

அம்மாவிடம் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது: ‘இந்தச் சிவப்பை எப்படிச் செய்தனீங்கள்?’ மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு, பசளிப் பழத்தின் ஊதா, செவ்வரத்தைப் பூவைத் தாளில் தேய்த்து மேலே தேசிக்காய்ச் சாறு விட்டு மாற்றிய நிறம், தேயிலைச் சாயத்தின் மண்ணிறம் என்று நீங்கள் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அளவும் பதமும் தெரிந்த ஒரே ஆள் இன்று அம்மாதான். மகள் கண்டெடுத்ததில் இருந்து வீட்டில் எல்லோரும் அம்மாவைப் பாதுகாக்கப் பார்க்கிறீர்கள், கவனியுங்கள், ஒருவரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. முப்பத்தெட்டு இதழுக்கு வர்ணம் தீட்டியவரை இப்போது நோயாளிபோலப் பக்கத்தில் இருத்தி வைத்திருக்கிறீர்கள். இரண்டு மணிக்குத் தனியாகப் புரட்டுவதைப் பின்னேரம் நாலு மணிக்கு, வெளிச்சத்தில், பேத்தியோடு புரட்டுவதாக மாற்றப் பாருங்கள். போரின் காயத்தைத் தனி ஆளின் மனதுக்குள் மட்டும் தேடக்கூடாது, எங்கள் சமூகத்தில் அது குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கியது, ஆறுவதும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் பல காலம் பணிசெய்த உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வலியுறுத்தி வந்திருக்கிறார். நாலு மணிக்கு ஒரு மேசையைச் சுற்றி மூன்று தலைமுறைப் பெண்கள் இருப்பது சின்ன விசயம் அல்ல.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். பெயர் மாறிக் கூப்பிடுவதையும் தூக்கம் கெடுவதையும் முழுக்கப் போரின் தலையில் போட்டுவிடாதீர்கள். எழுபத்து நான்கு வயதில் மனச்சோர்வு, தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மறதி நோயின் ஆரம்பம் எல்லாம் இப்படித் தோன்றலாம். பேரன் பேத்தியைப் பிள்ளைகளின் பெயரில் கூப்பிடாத பாட்டி இல்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் இந்த மாதத்துக்குள் ஒரு மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனையும் நினைவாற்றல் பரிசோதனையும் செய்வியுங்கள். சாப்பாட்டைக் குறைத்தாலோ, ‘நானும் போய்விட வேண்டும்’ என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

‘தொடரும்’

கதையை முடித்தால் அண்ணா இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அம்மாவுக்கும் அந்தப் பயம்தான் இருக்கும். காணாமற்போனவரின் குடும்பம் துக்கத்தைத் தொடங்கவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் நிற்கிறது. ‘இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்’ என்று அந்தக் குடும்பத்தைத் தள்ளுகிற உரிமை உறவுக்கும் இல்லை, என்னைப் போன்றவர்களுக்கும் இல்லை. சட்டமே இப்போது அப்படிக் கேட்பதில்லை. 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழைக் குடும்பம் பெறலாம். அதே ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் முறைப்பாடும் செய்யலாம். செய்வதா இல்லையா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. பல தாய்மார் அந்த அலுவலகத்தின் மேல் நம்பிக்கை வைக்கவில்லை, அவர்களுக்கு அதற்கான காரணங்களும் உண்டு.

ஆகவே 38ஆவது இதழில் ஒரு புள்ளிகூடச் சேர்க்க வேண்டாம். அந்தச் சொல் அண்ணா எழுதியபடியே நிற்கட்டும். மகள் புதுக் கொப்பியில் 39ஆவது இதழைத் தொடங்கட்டும், தன் பெயரைப் போட்டு, தன் கதையை எழுதட்டும். டைனமோச் சிறுவன் அதில் ஒரு பாத்திரமாக வரலாமா என்று அம்மம்மாவிடம் அவளே கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் இப்போதைக்கு வேண்டாம். அண்ணாவின் கதைக்கு ஆசிரியர் அண்ணா, அவர் இல்லாத இடத்தில் அதைக் காத்து வைத்திருப்பவர் அம்மா. இதைப் பதினைந்து வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்வாள், விளக்கமாகச் சொன்னால்.

நீங்களும் எழுதலாம். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை நாளுக்கு 15 நிமிடமாக நாலு நாள் தங்கள் துயரத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதிய உடனே அவர்களுக்கு மனம் பாரமாகத்தான் இருந்தது. நடந்ததோடு அதைப் பற்றிய தங்கள் உணர்வையும் எழுதியவர்களோ, அடுத்த மாதங்களில் வைத்திய உதவி தேடிப் போனது குறைந்தது. எழுதிய இரவு அழுகை வந்தால் ஏதோ உடைந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நாட்கணக்கில் அழுகை நீண்டால் மட்டும் நிறுத்திவிட்டு ஒருவரோடு கதையுங்கள்.

ரொறன்ரோ

மூலப் பிரதிகளை அனுப்ப வேண்டாம். உறவினரின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அம்மா கண்விழிக்கும் இரவில் அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தோ ஸ்கான் செய்தோ பிரதியை அனுப்புங்கள், கண்காட்சிக்கு அது போதும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005இல் இருந்து எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தோடும் கதைக்கலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஒரே ஒரு பிரதி என்பது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் கீறியவர் காலம் முழுக்கவும் அதன் பின் 70 வருடமும் உரிமை இருக்கும். உங்கள் இதழில் நாலு பேருக்கு உரிமை உண்டு, அதில் அண்ணாவும் ஒருவர். ஆகவே யாருக்குக் கொடுப்பதானாலும் எதற்கு, எவ்வளவு காலம், யார் பெயரில் என்று எழுதி வாங்குங்கள், ஒரு சட்டத்தரணியிடமும் காட்டுங்கள். இதழ்களில் அயலவர்களின் பெயர்களும் அந்தக் காலச் சம்பவங்களும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கேட்காமல் அந்தப் பக்கங்களை இணையத்தில் போடக்கூடாது. மகள் ஏற்கெனவே போட்ட இரண்டு படங்களையும் இப்போதைக்கு எடுத்துவிடச் சொல்லுங்கள், கோபிக்காமல்.

வெள்ளவத்தைக் கடற்காற்றில் டிரங்குப் பெட்டி துருப்பிடிக்கும். தாள்களைப் பிளாஸ்ரிக் பூசி அடைக்கவோ செலோரேப் ஒட்டவோ வேண்டாம். துருப்பிடித்த ஊசிகள் இருந்தால் மெதுவாக எடுத்துவிட்டு, கழுவி உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். 1995இல் சுற்றிய அந்தச் சேலை இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பருத்தியானால் அதிலேயே சுற்றலாம், அம்மா சம்மதித்தால்.

இந்தச் சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது மஞ்சளோடு, வெற்றிலைக் கடையில் கொஞ்சம் சுண்ணாம்பும் வாங்கி வாருங்கள். மேசையில் வைத்துவிட்டு, மகளையே கேட்க விடுங்கள். அம்மாவின் பரிசோதனை முடிவுகள் வந்ததும், அவருடைய தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.